பரங்கிக்கு இடம் உண்டு, பீன்ஸுக்கு இல்லை!

திதி, திவசம் என்று வந்துவிட்டால் சில வீடுகளில் முதல் நாள் சாயங்காலமே காய்கறிப் பைக்குக் கடுமையான சோதனை நடக்கும். வாழைக்காய்? இருக்கட்டும். அவரைக்காய், பாகற்காய், புடலங்காய், கொத்தவரங்காய், சேப்பங்கிழங்கு? எல்லாம் சரி. பீன்ஸ்? 'ஐயையோ, அதை எடுத்து அந்தாண்ட வை!' கேரட், கோஸ், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் அதே கதிதான். பச்சை மிளகாய்கூடக் கிடையாது. காரத்துக்கு மிளகு. ஏன் என்று கேட்டால், 'அதெல்லாம் இங்கிலீஷ் காய். பித்ருக்களுக்கு ஆகாது' என்று சுருக்கமாகப் பதில் வரும்.

மூட நம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் சரித்திரம் படிக்கிறவனுக்கு அந்தத் தளிகை ஒரு பொக்கிஷம். தாத்தாவுக்குத் தாத்தா சாப்பிட்டிருக்க முடியாத எதையும் அவருக்குப் படைக்காதே என்பதுதானே அந்த விதியின் அர்த்தம்? ஆக, திவசச் சமையல் என்பது கொலம்பஸுக்கு முந்தைய தமிழ்நாட்டு அடுப்படியின் ஃபோட்டோ மாதிரி. கேமரா வருவதற்கு முன்னால் எடுத்த ஃபோட்டோ!

கோயில் மடப்பள்ளிகளிலும் இதே கதையைப் பார்க்கலாம். காஞ்சிபுரம் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு. அழகர்கோவில் தோசையில் மிளகு. பூரி ஜகந்நாதருக்கு இன்றுவரை உருளைக்கிழங்கும் தக்காளியும் படைப்பதில்லை. இந்த நாட்டில் ராஜாக்கள் மாறினார்கள், பாஷை மாறியது, வேட்டி போய் பேன்ட் வந்தது. மடப்பள்ளியும் திவசமும் மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருக்கின்றன.

சரி, ஒரு காய் எப்போது வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு எளிய வழி, அதன் பெயரைக் கேட்பது. போர்ச்சுகீசியர்கள் காலத்தில் வந்து இறங்கியவற்றுக்குத் தமிழன் பெயர் சூட்டுவிழா நடத்திவிட்டான். மிளகு மாதிரி காரமா இருக்கா? அப்ப மிளகாய். பரங்கிக்காரன் கொண்டுவந்தானா? பரங்கிக்காய். ஏற்கெனவே வேலியோரத்தில் இருந்த மணத்தக்காளியின் சாயலா? தக்காளி. அவன் சொன்ன 'அனனாஸ்' நம் வாயில் அன்னாசி ஆகிவிட்டது. அப்புறம் இங்கிலீஷ்காரன் காலத்தில் மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கியவை அந்தப் பெயரோடேயே வந்து உட்கார்ந்துவிட்டன: கேரட், பீட்ரூட், காலிஃபிளவர், பீன்ஸ். உருளைக்கிழங்கு மட்டும் இந்தக் கணக்கில் அடங்காமல் உருண்டு ஓடிவிடுகிறது. 'பீன்ஸ்' என்பது இங்கிலீஷில் பன்மை என்பதைக்கூட நாம் சட்டை செய்யவில்லை. 'ஒரு பீன்ஸ் கீழே விழுந்திருச்சு, எடு' என்கிறோம்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சுந்தரபாண்டியத்துக்கு வாருங்கள். மேற்கே சதுரகிரி மலை. பெயரிலேயே பாண்டியன். 13-ம் நூற்றாண்டில் சுந்தரபாண்டியன் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட ராஜாக்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட பீன்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. மிளகாயையும் பார்த்ததில்லை. பாண்டிய சாம்ராஜ்யத்தின் உச்சத்தில்கூட ராஜாவுக்குக் காரக் குழம்பு என்றால் மிளகுக் குழம்புதான்!

ஆனால் அவரையும் மொச்சையும் அவர்களுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தென் மாவட்டங்களில் தைப்பொங்கல் என்றால் பச்சை மொச்சை இல்லாமல் கிடையாது. பொங்கல் குழம்பில் மொச்சை, அவரை, வாழைக்காய், சேனை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பூசணி என்று காய்கள் கூடிக் கும்மாளம் போடும். ஏழா, ஒன்பதா, பதினொன்றா என்பது அந்தந்த வீட்டு ஆச்சியின் சட்டம். ஒற்றைப் படையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு ஏழுகறிக் குழம்பு வந்துவிடும். மறுநாள், அதற்கு மறுநாள் என்று சுண்டச் சுண்டக் காய்ச்சிய குழம்பின் ருசிக்காகவே பொங்கலை எதிர்பார்ப்பவர்கள் உண்டு.

ஏன் மொச்சைக்கும் அவரைக்கும் இந்த மரியாதை? பக்தியோ சம்பிரதாயமோ காரணமில்லை. செடியின் உடம்பில் இருக்கிற கடிகாரம்தான் காரணம். பழைய அவரை ரகங்கள் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை வரை கொடி பாட்டுக்கு வேலியில் ஏறிக்கொண்டே இருக்கும். பொழுது சுருங்கிப் பனி இறங்கியதும் சட்டென்று பூவெடுக்கும். மார்கழி, தையில் காய் கொட்டும். தை முதல் தேதி பண்டிகை வைத்தால் தட்டில் என்ன இருக்கும்? அந்த நேரத்தில் காய்ப்பதுதானே இருக்கும்! இப்போது வருஷம் பூராவும் காய்க்கிற குத்து அவரை வந்துவிட்டது. அது வேறு சமாசாரம்.

இந்த விஷயம் சங்கக் கவிஞருக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். குறுந்தொகையில் ஒரு பெண் தோழியிடம் புலம்புகிறாள். அழாதே என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் போனவன் இன்னும் வரவில்லை. எந்தப் பருவத்தில் வரவில்லை? தினை அறுத்த தாளில் அவரைக் கொடி படர்ந்து பூக்கிற முன்பனிக் காலத்தில். அவளுக்குக் காலண்டர் அவரைப் பூதான். கிட்டத்தட்ட 2,000 வருஷங்களுக்கு முந்தைய இந்தக் குறிப்பை எந்தத் தாவரவியல் புரொபசரும் திருத்த வேண்டியதில்லை.

'அப்ப அவரை நம்ம காய், பீன்ஸ் அந்நியன். கணக்கு முடிஞ்சுது' என்று எழுந்துவிடாதீர்கள். கொஞ்சம் இருங்கள்.

அவரையின் காட்டுச் சொந்தங்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன. அதனால் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கர்நாடகத்தின் புதிய கற்காலக் குடியிருப்புகளில், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த கரியாகிப்போன அவரை விதைகள் கிடைத்திருக்கின்றன. ஆக, நம் 'நாட்டு' அவரை 3,500 வருஷங்களுக்கு முன்னால் குடியேறிய அந்நியர்! வந்து நாளாகிவிட்டதால் ரேஷன் கார்டு கொடுத்துவிட்டோம்.

இதைவிடப் பெரிய வேடிக்கை பொங்கல் குழம்புக்குள்ளேயே கிடக்கிறது. பரங்கிக்காய் எந்த ஊர்? அமெரிக்கா. பெயரிலேயே பாஸ்போர்ட் ஒட்டியிருக்கிறது. சர்க்கரைவள்ளி? அதுவும் அமெரிக்கா. பொங்கலுக்கு இந்த ரெண்டும் இல்லையென்றால் 'இது என்ன பொங்கல்?' என்று பாட்டி கோபித்துக்கொள்வாள். சில வீடுகளில் சர்க்கரைவள்ளி திவசத்துக்கே போய்விடுகிறது. அதே கண்டத்திலிருந்து வந்த பீன்ஸுக்கு மட்டும் வாசலில் தடை. காரணம் லேட்டாக வந்ததுதான் என்று நினைக்கிறேன். எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பாட்டிகள் கேட்கவில்லை. என் பாட்டி சமைத்தாளா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

பீன்ஸின் ஜாதகம் இது. மெக்சிகோ பக்கத்திலும் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளிலுமாக, தனித்தனியாக இரண்டு தடவை மனிதன் அதைப் பழக்கியிருக்கிறான், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. 1492-ல் கொலம்பஸ் கிளம்பியது இந்தியாவின் மிளகு வாசனையைப் பிடித்துக்கொண்டு. போய்ச் சேர்ந்தது வேறு இடம். மிளகு கிடைக்கவில்லை. மிளகாய், மக்காச்சோளம், பீன்ஸ் என்று ஐரோப்பாவுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இங்கிலீஷ்காரன் அதற்கு 'பிரெஞ்சு பீன்ஸ்' என்று பெயர் வைத்தான். பிரான்சுக்கும் அதற்கும் பூர்வீகச் சம்பந்தம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் தலையில் கட்டுவது எல்லா ஊர்ப் பழக்கமும்தான்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் பீன்ஸுக்கு ஒரு பெரிய எதிரி, வெயில். சூடு 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர ஆரம்பித்துவிடும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சித்திரை வெயிலில் மனிதனே உதிர்ந்துவிடுவான், பூ எம்மாத்திரம்? ஆகவே, வெள்ளைக்காரன் மலை ஏறும்வரை பீன்ஸ் காத்திருக்க வேண்டியிருந்தது.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். 1822-ல் ஊட்டியில் தனக்கென்று கல் வீடு கட்ட ஆரம்பித்தார். மலைவாசிகள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். கூடவே சீமைக் காய்களும் பழங்களும் மலை ஏறின. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் வந்து ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். ஊட்டிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் பக்கத்துக் கதை கொடைக்கானல். அதை ஆரம்பித்து வைத்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள் இல்லை, அமெரிக்கர்கள்!

1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து இறங்கியது அமெரிக்க மதுரை மிஷன். பின்னாளில் 1881-ல் அமெரிக்கன் கல்லூரியை ஆரம்பித்தார்களே, அதே மிஷன்தான். வந்த சில வருஷங்களிலேயே நோயில் மடிய ஆரம்பித்தார்கள். பாதிரிகள், அவர்களுடைய மனைவிகள், குழந்தைகள் என்று வரிசையாக அடக்கம். இனி தாங்காது என்று முதலில் சிறுமலையை முயற்சி செய்தார்கள். அங்கே காய்ச்சல் துரத்தியது. பிறகு பழநி மலையின் உச்சிக்குப் போய், 1845-ல் 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்று இரண்டு பங்களாக்கள் எழுப்பினார்கள். அதுதான் இன்றைய கொடைக்கானலின் பிள்ளையார் சுழி. ரோடு கிடையாது. துரையும் துரைசாணியும் டோலியில். தூக்கியவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மதுரை கலெக்டர் வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்து ஏரி உண்டாக்கினார். பங்களாவைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போடுவது அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு சுவாசம் மாதிரி. மண் அதேதான், குளிர் சாதகம். மலைக் கிராமத்து விவசாயிகள் கையில் அந்த விதை வந்ததும் தோட்டம் வயல் ஆகிவிட்டது. இன்றைக்குக் கொடைக்கானல் மலையில் பறித்த பீன்ஸ், ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வழியாகத் தென் மாவட்டங்களுக்கெல்லாம் லாரியில் இறங்குகிறது.

அதே 1863-ல் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருக்கும்போது ஆபிரகாம் லிங்கன், நவம்பர் கடைசி வியாழக்கிழமையை 'நன்றி சொல்லும் நாள்' என்று தேசம் முழுக்கக் கொண்டாடச் சொன்னார். 1941-ல் அது நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை என்று சட்டமானது. சாராம்சத்தில் அது அறுவடைப் பண்டிகை. அவர்கள் ஊர்ப் பொங்கல். விருந்து மேஜையில் என்ன இருக்கும்? நடுவில் வான்கோழி. அது நமக்கு வேண்டாம், சுற்றிலும் பாருங்கள்: பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, பீன்ஸ். மூன்றில் இரண்டு நம் பொங்கல் குழம்பில் இருப்பவை!

அந்த பீன்ஸ் பதார்த்தத்துக்கு வயசு ரொம்ப கம்மி. நியூஜெர்ஸி மாநிலத்தில் கேம்டன் என்ற ஊரில் கேம்பெல் சூப் கம்பெனி. அதன் சோதனைச் சமையலறையில் வேலை பார்த்த டார்கஸ் ரெய்லி என்ற பெண்மணி, 1955-ல் ஒரு குறிப்பு தயாரித்தார். எந்த வீட்டிலும் கைவசம் இருக்கிற சாமான்களை வைத்தே முடிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வேகவைத்த பீன்ஸ், ஒரு டப்பா கெட்டியான காளான் சூப், அரை கப் பால், துளி சோயா சாஸ், ஒரு சிட்டிகை மிளகுத்தூள், டப்பாவில் வருகிற பொரித்த வெங்காயம். வெங்காயத்தில் பாதியைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து, 350 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் அவனில் 25 நிமிஷம். பிறகு மிச்ச வெங்காயத்தை மேலே தூவி இன்னும் 5 நிமிஷம். வேலை முடிந்தது. அந்தப் பாத்திரத்துக்குத்தான் 'காசரோல்' என்று பெயர். அது பதார்த்தத்துக்கும் ஆகிவிட்டது, நாம் 'ஒரு குண்டான் சோறு தின்னான்' என்று சொல்வதைப்போல.

அந்தச் சிட்டிகை மிளகைக் கவனித்தீர்களா? மிளகைத் தேடிப் போனவன் கண்ணில் பட்டது பீன்ஸ். 463 வருஷம் கழித்து ஒரு பெண்மணி அந்த பீன்ஸ்மேல் மிளகைத் தூவினார்.

கம்பெனிக்கு இதில் லாபம் சாதாரணமானது இல்லை. அமெரிக்காவில் விற்கிற அவர்களுடைய காளான் சூப்பில் சுமார் 40 சதவீதம் இந்த ஒரு பதார்த்தத்துக்கே போகிறது என்பது கம்பெனியே சொன்ன கணக்கு. ரெய்லியிடம் பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, அதைத் தயாரித்த ஞாபகமே இல்லை என்றார். நூற்றுக்கணக்கில் குறிப்புகள் தயாரித்த உத்தியோகம், அதில் இது ஒன்று. 2002-ல் அந்த மூலக் குறிப்பு அட்டையை ஓஹையோ மாநிலம் ஆக்ரனில் இருந்த கண்டுபிடிப்பாளர்கள் அரங்குக்குக் கொடுத்தார்கள். எடிசனின் பல்பு இருக்கிற வரிசையில் ஒரு சமையல் குறிப்பு! 2018 அக்டோபரில் தன் 92-வது வயதில் ரெய்லி காலமானபோது உலகப் பத்திரிகைகள் செய்தி போட்டன. சமையல்கட்டில் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்த பெண்ணுக்குப் பெயர் கிடைத்தது என்பது சரித்திரத்தில் அபூர்வம். பொங்கல் குழம்பில் முதன்முதலாகப் பரங்கியைப் போட்ட தைரியசாலி யார்? மாமியார் என்ன சொல்லியிருப்பாள்? நமக்குத் தெரியப்போவதில்லை.

அந்தச் சூப் டப்பாவின் ரகசியத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1897-ல் கேம்பெல் கம்பெனியில் ஜான் டோரன்ஸ் என்ற கெமிஸ்ட் யோசித்தார்: சூப்பில் பாதி தண்ணீர். தண்ணீரை ஏன் டப்பாவில் அடைத்து ரயிலில் கூலி கொடுத்து அனுப்ப வேண்டும்? தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக்கி அனுப்பினார். வாங்குகிறவள் வீட்டில் ஒரு டப்பா தண்ணீர் சேர்த்துக்கொள்ளட்டும். கம்பெனி எங்கேயோ போய்விட்டது.

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதை அகலச் சட்டியில் ஊற்றி, சர்க்கரை போட்டு, கிளறிக் கிளறித் தண்ணீரை ஆவியாக விரட்டினால் பால்கோவா. மிஞ்சிய பாலுக்கு ஆயுள் கூட்டுகிற வித்தை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. டோரன்ஸ் செய்ததும் இதுவும் ஒரே தத்துவம்தான். ஒன்று ஆண்டாள் கோயிலுக்கு வருகிறவர்கள் கையில் ஊர் போய்ச் சேர்ந்தது, இன்னொன்று சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனது.

'சார், இந்த காசரோலை நம்ம வீட்டுல பண்ண முடியுமா?' என்று கேட்பவர்களுக்கு: அவன் இல்லாமலேயே ரொம்ப காலமாகப் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பால் கூட்டு என்று பெயர். அவரையோ பீன்ஸோ, பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு வேகவையுங்கள். தேங்காய், சீரகம், மிளகு அரைத்துச் சேர்த்துக் கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். காய்ச்சிய பாலில் ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்துக் கடைசியில் ஊற்ற வேண்டும். மாவு இருந்தால் பால் திரியாது. அமெரிக்க சூப்பில் அந்த உத்தியோகத்தைப் பார்ப்பது கோதுமை மாவு. உளுத்தம்பருப்பு தாளித்து, பரிமாறும்போது வெங்காய வடகத்தைப் பொரித்து மேலே நொறுக்கிப் போடுங்கள். குழைவான காய், பால், மேலே மொறுமொறு வெங்காயம். ரெய்லி அம்மையாரின் சூத்திரம் அப்படியே இருக்கிறது, சோயா சாஸைத் தவிர. என்னைக் கேட்டால் அந்தக் காளான் சூப்பைவிடத் தேங்காய், சீரகம் நூறு மடங்கு உசத்தி. இது பாரபட்சமான தீர்ப்புதான், அப்பீல் கிடையாது.

கல்யாண வீடு பீன்ஸை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. கொத்தவரங்காய் உசிலி இருந்த இடத்தில் பீன்ஸ் உசிலி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. கல்யாணம் உயிரோடு இருப்பவர்கள் சமாசாரம், நாலு பேர் பார்க்கப் புதுசாக ஏதாவது இருக்க வேண்டும். ஆனால் திவசமும் பொங்கலும் போனவர்களுக்கும் மண்ணுக்கும் கணக்குச் சொல்கிற நாள். அங்கே பீன்ஸ் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் இருக்கிறது.

கேம்டன் இருக்கிற அதே நியூஜெர்ஸியில் இன்று தமிழர்கள் ஏராளம். நவம்பர் மாத வியாழக்கிழமை ஆபீஸ் சிநேகிதர் வீட்டு விருந்துக்குப் போகும் சைவக்காரருக்கு, வான்கோழியைத் தாண்டி நம்பிக்கையோடு கை நீட்ட முடிகிற பாத்திரங்களில் இந்த பீன்ஸும் ஒன்று. ஜனவரி பிறந்ததும் அதே குடும்பம் இந்தியன் ஸ்டோருக்குப் போகிறது. கண்ணாடிக் கதவைத் திறந்தால் வெள்ளைப் பனி மூடிய பாக்கெட்டில் அவரைக்காய். பரங்கிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அவை அந்த ஊர்க்காய்கள், எந்தக் கடையிலும் ஃப்ரெஷ்ஷாகக் கிடைக்கும்.